தோற்சுருள்களைக் கேட்ட முதியவர்



திடப்படுத்தல் ஆராதனையோடு வேதத்தைக் கற்பதும் நிறைவடைந்துவிட்டது என்ற எண்ணம் நம் சபைகளில் வேரூன்றியிருக்கிறது. ஓய்வுநாள் பள்ளி பிள்ளைகளுக்கு, வேதபாட வகுப்பு வாலிபருக்கு. பெரியவர்களாகிய நமக்கோ என்றோ பெற்ற இரட்சிப்பின் சாட்சியே போதும் என்றிருக்கிறோம். இது ஆபத்தான மனநிறைவு என்பேன்.

பவுலைப் பாருங்கள். தீமோத்தேயுவுக்கு இரண்டாம் நிருபத்தை எழுதுகையில் அவர் சிறையில் கட்டுண்டிருக்கிறார். தம் மரணம் நெருங்கியதையும் அறிந்திருக்கிறார். குளிர்காலம் வருமுன், துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார். அதோடு நிற்கவில்லை, புத்தகங்களையும், சிறப்பாகத் தோற்சுருள்களையும் கேட்கிறார் (4ஆம் அதிகாரம், 13ஆம் வசனம்). தமஸ்கு வழியில் ஆண்டவரைச் சந்தித்தவர், சபைகளை நாட்டியவர், நிருபங்களை எழுதியவர். அவருக்கும் புத்தகங்கள் வேண்டியிருந்தன. உடலின் குளிருக்கு மேலங்கி எவ்வளவு அவசியமோ, உள்ளான மனிதனுக்கு அவை அவ்வளவு அவசியமாயிருந்தன.

நம் பிள்ளைகள் நமது பழைய சாட்சியைக் கேட்டுப் பழகிவிட்டார்கள். நாம் இன்றும் மாறுகிறோமா என்பதையே கவனிக்கிறார்கள். அறுபது வயதிலும் தன் மருமகளிடம் மன்னிப்புக் கேட்கக் கற்றுக்கொள்ளும் மாமியார், அந்த வீட்டில் ஒரு பிரசங்கத்தைவிட அதிகம் போதிக்கிறார்.

ஆகவே, இந்த வாரம் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த ஆண்டில் ஆண்டவர் எனக்குப் புதிதாகக் கற்பித்தது என்ன? பதில் கிடைக்காவிட்டால் சோர்ந்துபோகாதீர்கள். நீங்கள் நெடுநாளாய்த் திறவாத ஒரு நிருபத்தை இன்றிரவே திறந்து, முதல் அதிகாரத்திலிருந்து வாசியுங்கள். கற்பிக்க ஆண்டவர் இன்னும் ஆயத்தமாயிருக்கிறார்.