மெலிந்த பின்னர் உதிரும் கூந்தல்

கல்யாணம் ஒழுங்காகிவிட்டால் பெண் மெலிந்தே ஆகவேண்டும் என்னும் ஓர் எண்ணம் நமது குடும்பங்களிலே இப்போது வேரூன்றி வருகின்றது. சேலை எடுப்பாக அமைய வேண்டும், படத்திலே முகம் ஒடுங்கித் தெரிய வேண்டும் என்று இரண்டே மாதங்களில் பத்துக் கிலோவைக் குறைக்க முயல்கின்றனர். காலையில் வெறுந்தேநீர், மதியம் ஒரு பிடி சோறு, இரவில் ஒரு வாழைப்பழம். சில நாட்களில் அதுவும் இல்லை. எடை குறைவது உண்மையே. ஆனால் மாலை சூடும் நாளுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது சீப்பிலே பிடிபிடியாகத் தலைமயிர் வரத் தொடங்குகின்றது. உடனே கிணற்றுத் தண்ணீரின் மீது பழி. சவர்க்காரத்தின் மீது பழி. கண்ணூறு என்று சொல்வாரும் உளர். பட்டினி கிடந்த அந்த இரண்டு மாதங்களை ஒருவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

நமது தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மயிர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்ந்து, பின்னர் சில கிழமைகளில் ஒடுங்கி, ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓய்வில் இருந்து, அதன் பின்னரே விழுகின்றது. நற்சுகத்தோடு இருக்கும் காலத்தில் பத்தில் ஒன்பது பங்கு மயிர் வளர்ச்சியிலேயே இருக்கும். ஆதலின் நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர் உதிர்வது இயல்பு. அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை.

உடலுக்கு உணவு திடீரெனக் குறைந்தால் நிலைமை மாறுகின்றது. வருவாய் சுருங்கிய வீட்டில் முதலில் நிற்பது அரிசிச் செலவன்று, அலங்காரச் செலவே. உடலும் அவ்வாறே இருதயத்தையும் மூளையையும் காத்துக்கொண்டு, மயிர் வளர்க்கும் வேலையை நிறுத்திவைக்கின்றது. வளர்ந்துகொண்டிருந்த மயிர்களிற் பல ஒரே வேளையில் ஓய்வுக்குச் சென்று, இரண்டு மூன்று மாதங்களின் பின்னர் ஒன்றாக விழுகின்றன. இதனை 1961 இல் விளக்கியவர் அமெரிக்கத் தோல் வைத்தியரான அல்பேர்ட் கிளிக்மன். (சிறைக் கைதிகளைக் கொண்டு நடத்திய சோதனைகளுக்காகப் பின்னாளில் பெரிதும் கண்டிக்கப்பட்டவரும் இவரே.) காரணத்துக்கும் உதிர்வுக்கும் இடையே இருக்கும் இந்த இடைவெளியினாலேயே நாம் ஏமாறுகின்றோம். பட்டினியை மட்டுமன்றிக் கடுங்காய்ச்சலையும் பிள்ளைப்பேற்றையும் அடுத்து வருவதும் இதுவே. மாரி மழையோடு வாவிக்கரை ஊர்களில் டெங்குக் காய்ச்சல் பரவும்போது மார்கழியில் படுக்கையில் கிடந்தவர், பங்குனியில் தலைமயிர் உதிரக் கண்டு புதிய எண்ணெயைத் தேடுவார்.

பட்டினி தோலையும் மயிரையும் என்ன செய்யும் என்பதை நுணுக்கமாகக் குறித்துவைத்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில், பசியால் வாடிய ஐரோப்பிய மக்களுக்கு எவ்வாறு உணவளித்து உடலைத் தேற்றுவது என்று அறிவதற்காக, மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர் அதனை நடத்தினார். ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடந்தராத 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்தனர். 1945 இல் 24 கிழமைகள் அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி உணவு கொடுக்கப்பட்டது. பெரும்பாலும் உருளைக்கிழங்கும் பாணும் கிழங்கு வகைகளுமே. அவர்கள் தத்தம் எடையில் ஏறத்தாழக் காற்பங்கை இழந்தனர். தோல் வறண்டு சொரசொரப்பாயிற்று, மயிர் மெலிந்து உதிர்ந்தது, சிறு காயமும் ஆற நாட்சென்றது, கோடையிலும் குளிர்ந்தது. மேலே கூறிய மணப்பெண்ணின் உணவு இந்த 1,570 கலோரியின் பாதியையேனும் எட்டுமோ என்பதைப் பெற்றோரே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

மெலிவதால் வரும் மாற்றங்கள் யாவும் தீயவையல்ல. பருமனான பிள்ளைகள் பலருக்குக் கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெற்றுத் துணிபோல் ஆவதைக் காண்கின்றோம். தாய்மார் அதனை அழுக்கென்று எண்ணித் தேங்காய்த் தும்பினால் தேய்த்துப் பிள்ளையை அழவைக்கின்றனர். அது அழுக்கன்று. உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாமல் மிகுதியாகச் சுரப்பதன் அடையாளம். நீரிழிவு வரக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லும் எச்சரிக்கை. எடை முறையாகக் குறையக் குறைய அக்கருமையும் மெல்ல வெளிறும். தேய்த்தால் இன்னும் கறுக்கும்.

தோல் தொய்வது வேறு விடயம். பல ஆண்டுகள் இழுபட்டிருந்த தோலின் நார்கள் முன்போல் முழுவதும் சுருங்குவதில்லை. இளவயதினருக்கும் சிறிதளவே எடை குறைந்தவருக்கும் பெரும்பாலும் அது தானே இறுகிவிடும். நாற்பதைக் கடந்து, இருபது முப்பது கிலோ இழந்தவருக்கு ஓரளவு தொங்கியே நிற்கும். பூச்சு மருந்துகளால் அது ஒட்டிவிடும் என்று விளம்பரம் செய்வோரை நம்பிப் பணத்தை இறைக்க வேண்டாம். வயிற்றிலும் தொடையிலும் உள்ள வரித்தழும்புகள் வெளிறுமேயன்றி மறையமாட்டா.

மயிர் என்பது பெரும்பாலும் புரதமே. எடை குறைக்கும் காலத்தில் 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளாந்தம் ஏறத்தாழ 60 முதல் 70 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் உண்டு. மீனும் இறாலும் நண்டும் தரும் வாவியை வாசலில் வைத்துக்கொண்டு நாம் புரதமாவைப் பேணியிலே தேடுவது வேடிக்கையே. சோற்றைக் குறைப்போர் மீனைக் குறைக்க வேண்டியதில்லை. பொரிப்பதை விட்டு ஆணமாக ஆக்கினால் போதும். மரக்கறி உண்போர்க்குக் கவுபியும் பயறும் பருப்பும் தயிரும் இருக்கின்றன. தயிரிலே சீனியை அள்ளிக் கொட்டும் நம்மவர் வழக்கத்தை மட்டும் இக்காலத்தில் ஒத்திவைக்கலாம். முருங்கையிலை, பொன்னாங்காணி முதலியவற்றின் இரும்புச்சத்து உடலிற் சேரத் தேசிப்புளி உதவும்; உணவோடு குடிக்கும் தேநீர் தடுக்கும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிக்கலாம்.

கடையிலே விற்கும் கூந்தல் மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குவோர் கவனிக்க. உயிர்ச்சத்து ஏ அளவுக்கு மிஞ்சினால் அதுவே மயிரை உதிர்க்கும். பயோட்டின் மாத்திரை தைரொயிட் இரத்தப் பரிசோதனையின் முடிவையே மாற்றிக் காட்டக்கூடும். பரிசோதனைக்கு முன் வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

யாதொரு முயற்சியும் செய்யாமலே எடை குறைந்து, மயிரும் உதிருமாயின் அது அழகைப் பற்றிய காரியமன்று. நீரிழிவு, தைரொயிட் மிகுசுரப்பு, காசநோய், புற்றுநோய் ஆகிய எதுவும் காரணமாக இருக்கலாம். “பிள்ளை இப்போதுதான் மெலிந்து வடிவாயிருக்கிறாள்” என்று மகிழ்ந்திராமல் அரசாங்க வைத்தியசாலைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள். மயிர் வட்டவட்டமாகக் கொட்டினாலும், தலைத்தோல் புண்பட்டாலும், ஆறு மாதங்களுக்கு மேல் உதிர்வு நீடித்தாலும் அவ்வாறே. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி உணவைக் கண்டு அஞ்சி ஒதுக்கி, மாதவிடாயும் நின்று, கைகளில் பூனைமயிர் அரும்பினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அங்கே அதட்டலும் கேலியும் நோயை வளர்க்கும்.

பட்டினியால் உதிர்ந்த மயிர், உணவு சீரானால் மூன்று முதல் ஆறு மாதங்களில் மீண்டும் முளைக்கும். நெற்றியோரத்தில் எண்ணெய்க்கும் சீப்புக்கும் அடங்காமல் குத்திட்டு நிற்கும் குறுமயிர்களே அதன் அடையாளம், அவற்றைக் கத்தரித்துவிடாதீர்கள். மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வீதமே அவை வளரும். கிழமைக்கு அரைக் கிலோ என்ற கணக்கில் பத்துக் கிலோ குறைய ஐந்து மாதங்கள் செல்லும். ஆவணியில் கல்யாணம் என்றால் தைப்பொங்கல் முடிந்த கையோடு தொடங்கிவிடலாம். ஆனியில் நினைவு வந்தால், சேலைச் சட்டையைச் சற்றே தளர்த்தித் தைக்கச் சொல்லலாம்.