சீட்டும் சிக்கனமும்

சிக்கனம் என்றதும் அதனைக் கஞ்சத்தனத்தின் மறுபெயராகக் கருதுவோர் நம்மிடையே உளர். உண்மையில் இரண்டும் வேறு வேறு. கஞ்சன் செலவிட வேண்டிய இடத்தில் செலவிடாதவன். சிக்கனக்காரனோ செலவிட வேண்டாத இடத்தை அறிந்தவன். வருவாய் சிறுகினும் செலவு பெருகாதிருப்பின் கேடில்லை என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உரைத்தது, அரசனுக்கு மட்டுமன்று, அடுக்களைக்கும் பொருந்தும். அந்த அடுக்களைச் சிக்கனத்தின் ஒரு பகுதியாக இன்று வளர்ந்துவரும் கூப்பன் சேர்க்கும் வழக்கத்தைப் பற்றிச் சில கருத்துகளை இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகிறேன்.

அமராவதி நகரில் எங்கள் தெருவில் வாழும் சகோதரி ஒருவர் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் பணிபுரிகிறார். விடியலில் கம்பெனி வண்டியில் ஏறினால் விளக்கு வைத்த பின்பே வீடு திரும்புவார். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை மளிகை. ஒருநாள் மாலை அவர் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொணர்ந்து என்முன் திறந்து வைத்தார். சோப்பு உறைகள், தேயிலைப் பொட்டலத்தின் மேலட்டைகள், அங்காடிகள் கொடுத்த தள்ளுபடிச் சீட்டுகள் ஆகியன ரப்பர் வளையமிட்டு அடுக்கப்பட்டிருந்தன. "ஏனுங்க சார், இதுல எதுக்கெல்லாம் நாள் முடிஞ்சு போச்சுன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா? எழுத்து பொடிசா இருக்குதுங்க" என்றார். தள்ளுபடிச் சீட்டுகள் முப்பத்தொன்று இருந்தன. அவற்றுள் பதினான்கு காலாவதியானவை. அவர் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பதினான்கையும் தனியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் காட்சியே இக்கட்டுரைக்கு வித்து.

கூப்பன் என்பது நேற்றுப் பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அமெரிக்காவில் கொக்கோ கோலா நிறுவனம் ஒரு குவளைப் பானத்தை இலவசமாகப் பெறும் சீட்டுகளை வழங்கித் தன் வணிகத்தைப் பெருக்கிக்கொண்டது. வணிகன் ஏன் சீட்டுக் கொடுக்கிறான்? விலையைக் குறைக்க எண்ணுபவன் நேராகவே குறைக்கலாமே! இதில்தான் வணிக நுட்பம் அடங்கியுள்ளது. சீட்டைத் தேடி, சேர்த்து, நாள் தவறாமல் கொடுப்பவருக்கு ஒரு விலை. அதற்கு நேரமில்லாதவருக்கு மற்றொரு விலை. ஒரே பொருளை இரு விலைக்கு விற்கும் வழி இது. வழங்கப்படும் சீட்டுகளில் பெரும்பாலானவை திரும்பி வருவதில்லை என்பதும் வணிகன் அறிந்ததே. பத்து மணி நேரம் நின்று உழைக்கும் தொழிலாளிக்குச் சீட்டுகளை வகைப்படுத்த நேரமில்லை. ஆகவே, எவருக்குச் சேமிப்பு மிகவும் தேவையோ அவரே கூடுதல் விலை கொடுக்க நேர்கிறது.

எனினும் கூப்பனே வேண்டாம் என்பது என் கருத்தன்று. முறையாகக் கையாண்டால் அது பயன் தரும். அதற்கு மூன்று நெறிகள் போதும். முதலாவது, சீட்டுகளைப் பொருள்வாரியாக அடுக்காமல் காலாவதி நாள்வாரியாக அடுக்குதல். முதலில் முடிவது முதலில் இருக்க வேண்டும். இரண்டாவது, வாங்கவேண்டிய பொருள்களின் பட்டியலை எழுதிய பிறகே சீட்டுப் பெட்டியைத் திறத்தல். சீட்டைப் பார்த்துப் பட்டியல் எழுதுபவர் வணிகனின் பட்டியலையே எழுதுகிறார். மூன்றாவது, சீட்டின் மதிப்பைப் பாராமல் பொருளின் எடைக்குரிய விலையைப் பார்த்தல்.

மூன்றாவது நெறிக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். ஒரு கிலோ சலவைத்தூள் 120 ரூபாய் எனக் கொள்வோம். 10 ரூபாய்ச் சீட்டுக்குரிய மற்றொரு பொட்டலம் 110 ரூபாய். ஆனால் எடையோ 800 கிராம். சீட்டைக் கழித்தால் 100 ரூபாய். மலிவு போலத் தோன்றும். கிலோவுக்குக் கணக்கிட்டாலோ 125 ரூபாய் ஆகிறது! பத்து ரூபாய் மிச்சம் என்று மகிழ்ந்தவர் கிலோவுக்கு ஐந்து ரூபாய் இழக்கிறார். பொட்டலப் பொருள்களில் உச்ச விலையோடு கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. அதனைப் படிப்பவர் எத்தனை பேர்? மேலும், விலையிலேயே அடக்கிவிட்டு ஒரு பொருளை இலவசம் போலத் தோன்றச் செய்வது முறையற்ற வணிகம் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் கூறுகிறது.

இவ்விடத்தில் நம் கையில் உள்ள மிகப் பெரிய சீட்டை நாம் மறந்துவிடலாகாது. அதுவே குடும்ப அட்டை. தமிழகத்தில் 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. 2007ஆம் ஆண்டு தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. வெளிச்சந்தையில் அதே பருப்பு நூறு ரூபாயைத் தாண்டுவதைக் காண்கிறோம். ஆண்டு முழுவதும் சோப்பு உறை சேர்த்தாலும் இவ்விரு பொருள்களில் மிஞ்சும் தொகைக்கு ஈடாகாது. ஆயினும் வேலை நேரமும் கடை நேரமும் ஒன்றாக இருப்பதால் பருப்பு வந்த நாளைத் தவறவிடும் தொழிலாளர் குடும்பங்கள் பல. பிற மாநிலத்திலிருந்து இங்கு வந்து உழைப்போருக்கும், ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டம் 2020 அக்டோபரில் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தபின், தம் ஊர் அட்டையைக் கொண்டே இங்கு உணவுப்பொருள் பெறும் உரிமை உண்டு. இதனை அவர்களுக்கு எடுத்துரைப்பதும் ஓர் அறமே.

சேமிப்பைக் கரைக்கும் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். அதுதான் மளிகைக் கடையின் பற்றுக் கணக்கு. எங்கள் தெருச் சகோதரிக்குச் சீட்டுப் பெட்டியோடு ஒரு கடை நோட்டும் இருந்தது. கடனுக்கு வாங்குபவர் விலை கேட்பதில்லை; எடை பார்ப்பதில்லை; கடை மாறுவதும் இயலாது. கடைக்காரரை மட்டும் குறை கூறவும் முடியாது. வேலையற்ற வாரத்தில் அடுப்பு எரிய உதவியவர் அவரே. ஆனால் ஒரு கையால் சீட்டுச் சேர்த்து மறு கையால் பற்று எழுதுவது ஓட்டைக் குடத்தில் நீர் முகப்பதற்கு ஒப்பாகும்.

இதற்கு வழி காட்டியவர்களும் நம்மைப் போன்ற நெசவு நகரத்தாரே. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டு டிசம்பரில், நெசவாளர் உள்ளிட்ட 28 எளிய மனிதர்கள் 28 பவுன் முதல் திரட்டி ஒரு சிறு கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகியவையே அவர்கள் முதலில் விற்ற சரக்கு. கலப்படமில்லாப் பொருள், குறையாத எடை, கடனில்லா வணிகம் என்பன அவர்களின் நெறிகள். எல்லாவற்றினும் சிறந்தது, ஈட்டிய இலாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பகிர்ந்தளித்தது. உறுப்பினர் வாங்கிய அளவைக் குறிக்க உலோக வில்லைகளைத் தரும் வழக்கமும் பின்னர் இத்தகைய கடைகளில் பரவியது. அதுவும் ஒருவகைக் கூப்பன்தான். ஆனால் வணிகன் வாங்குவோரை ஈர்க்க வீசிய தூண்டில் அன்று, வாங்குவோர் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட உரிமைச் சீட்டு. உலகக் கூட்டுறவு இயக்கம் அச்சிறு கடையையே தன் முன்னோடியாகப் போற்றுகிறது.

நாம் செய்யக்கூடியது என்ன? மாணவச் செல்வங்கள் தம் இல்லத்து மளிகைக் கணக்கை ஒரு மாதம் எழுதிப் பார்க்கட்டும். எடைக்குரிய விலையைத் தாய்மார்க்கு வாசித்துக் காட்டட்டும். ஆசிரியப் பெருமக்கள் இதனை ஒரு பயிற்சியாகவே தரலாம். ஜமாஅத் பெரியோர்களும் ஊர்ப் பெரியோர்களும், ஒரு தெருவில் இருபது குடும்பங்கள் ஒன்றுகூடி மாதம் ஒருமுறை மொத்தக் கடையில் பருப்பும் எண்ணெயும் வாங்கிப் பகிர்ந்துகொள்ள முன்னின்று உதவலாம். ஒரு குடும்பத்தின் பற்றுக் கடனை ஒருமுறை வட்டியின்றித் தீர்த்துவைத்து, அதனைச் சிறு தவணைகளில் திரும்பப் பெறுவது, நூறு இலவசப் பைகள் வழங்குவதினும் மேலான உதவி என்பது என் துணிபு.

அந்தச் சகோதரியின் டப்பாவில் எஞ்சிய பதினேழு சீட்டுகளை நாள்வாரியாக அடுக்கிக் கொடுத்தேன். அவருடைய மகள் பத்தாம் வகுப்பு மாணவி. ஒவ்வொன்றின் மேலும் முடியும் நாளைப் பெரிய எழுத்தில் அவளே எழுதினாள். அம்மாதம் அவற்றுள் ஐந்து மட்டுமே பயன்பட்டன. மற்றவை வீட்டுக்குத் தேவையில்லாத பொருள்களுக்கானவை என்று அவளே ஒதுக்கிவிட்டாள். வாங்கிய ஐந்தைவிட ஒதுக்கிய பன்னிரண்டே அக்குடும்பத்துக்கு மிகுதியாகச் சேமித்துத் தந்திருக்கும். வேண்டாததை வேண்டாம் என்று சொல்லும் தெளிவைக் கல்வி தருமாயின், அக்கல்வியே வீட்டுக்கு வரும் விலைமதிப்பற்ற சீட்டு.