உலக யுத்தத்தில் நம்மவர் பேர் எங்கே?

போன மாதம் தோட்டக் கமிட்டிக் கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு அக்கா கேட்டார்: "டீச்சர், மக விடிய விடிய ரெண்டாம் உலக யுத்தம்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருக்கா. ஹிட்லர் செத்தா நமக்கென்ன, இருந்தா நமக்கென்ன? அந்த நேரத்துக்குக் கணக்கைப் படிச்சாலும் ஒரு வேலை கிடைக்கும்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

பள்ளி விடுமுறைக்குக் கொக்கிளாய் போயிருந்தேன். 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் எங்கள் சின்னம்மா குடும்பமும் ஒன்று. அவருடைய மகளைக் கட்டிக்கொடுத்தது கொக்கிளாயில். 1984 இல் அந்த ஊர்ச் சனத்தையும் ஊரைவிட்டு எழுப்பினார்கள். யுத்தம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார்கள். ஆகவே அங்கே யுத்தம் என்றால் எந்த யுத்தம் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் முகத்துவாரத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த மச்சானின் பெரியப்பா, நான் வரலாறு படிப்பிக்கிறேன் என்றதும் தெற்கே கையைக் காட்டினார். "திருகோணமலை எரிஞ்ச புகை இஞ்ச தெரிஞ்சதெண்டு எங்கட அப்பு சொல்லுவார் பிள்ளை."

அது 1942 ஏப்ரல் 9. யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனன்குடா விமானத்தளத்திலும் குண்டு போட்டன. எண்ணெய்க் குதமொன்று பற்றி எரிந்தது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மூழ்கியது. நாலு நாளைக்கு முன், ஈஸ்டர் ஞாயிறு காலையில், கொழும்பில் குண்டு விழுந்திருந்தது.

யப்பான்காரன் தேடி வந்தது கப்பல்களைத்தான். ஆனால் அந்த நேரத்தில் வெள்ளைக்காரனுக்கு இலங்கை வேறொரு காரணத்துக்காகவும் உயிர்நாடியாக இருந்தது. 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் விழுந்தது. மலாயாவின் இறப்பர் முழுவதும் யப்பான் கையில். லொறி ஓட, விமானம் இறங்க, எல்லாவற்றுக்கும் இறப்பர் வேண்டும். நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய இறப்பர் நிலம் இலங்கை. மரம் பட்டாலும் பரவாயில்லை என்று வெட்டுக்கு மேல் வெட்டு வெட்டச் சொன்னார்கள். அந்தப் பாலை வெட்டியவர்களில் களுத்துறை, கேகாலைப் பக்கத்து நம் பாட்டன் பாட்டிகளும் இருந்தார்கள். இங்கிலாந்தில் 1940 இல் தேயிலைக்குப் பங்கீடு வந்தது, ஆளுக்குக் கிழமைக்கு 2 அவுன்ஸ். அந்த 2 அவுன்சில் நம் மலைக் கொழுந்தும் இருந்தது.

இங்கே என்ன நடந்தது? 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. கூப்பன் வந்தது. அரிசிக்குப் பதில் கோதுமை மா வந்தது. இன்று லயத்தில் காலையில் தட்டும் ரொட்டிக்கும் அந்த யுத்தத்துக்கும் உறவு உண்டு என்று சொன்னபோது என் வகுப்புப் பிள்ளைகள் நம்பவில்லை.

யுத்தத்தைக் காட்டி வாயை அடைக்கப் பார்த்ததையும் சொல்லவேண்டும். 1940 ஜனவரி 10 இல் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது பொலிஸ் சுட்டது. கோவிந்தன் செத்தார். ஒவ்வொரு ஜனவரியும் அவருக்கு விளக்கேற்றுகிறோம், ஆனால் அது உலக யுத்தத்தின் ஐந்தாவது மாதம் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. இன்றும் நம் குறைந்தபட்சச் சம்பளம் பேசப்படும் சம்பள நிர்ணய சபை எந்தச் சட்டத்தில் வந்தது? 1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தில். அதுவும் யுத்தகாலத்துப் பிள்ளைதான். யுத்தம் முடிந்து மூன்று வருடத்தில், 1948 இல், பாலும் கொழுந்தும் கொடுத்தவர்களின் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காத பிள்ளைக்கு 1948 வெறும் ஒரு வருடக் கணக்கு.

என்னை அதிகம் உறுத்துவது மலாயாக் கதை. நம்மைப்போலவே தமிழ்நாட்டிலிருந்து கங்காணி பிடித்துக் கொண்டுபோன சனம். யப்பான் ராணுவம் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீற்றர் ரயில் பாதை போட அவர்களைத் தோட்டம் தோட்டமாக ஏற்றிக்கொண்டு போனது. நல்ல சம்பளம், சீக்கிரம் திரும்பலாம் என்றார்கள். பிறகு ஆள் பிடித்தே ஏற்றினார்கள். காட்டில் வாந்திபேதி, மலேரியா, பட்டினி. 1943 ஒக்டோபரில் பாதை முடிந்தது. அந்த வேலையில் செத்த வெள்ளைக்காரக் கைதிகள் 12,000 பேருக்கு மேல். காஞ்சனபுரி மயானத்தில் வரிசை வரிசையாகக் கல், கல்லில் பேர். செத்த ஆசியத் தொழிலாளர் 90,000 வரை இருக்கலாம் என்பது ஒரு கணிப்பு. இருக்கலாம்! கைதிகளுக்கு ராணுவப் பட்டியல் இருந்தது. நம்மவர்களைப் பற்றிக் கணக்கு வைக்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. அரை நாள் வேலைக்கு அரைப்பேர் போட மறக்காத செக்ரோல் உலகத்தில், செத்தவனுக்கு முழுப்பேர் இல்லை.

அக்காவுக்கு என் பதில் இதுதான். மகள் கணக்கும் படிக்கட்டும். ஆனால் ஹிட்லரோடு மட்டும் அவள் நிற்கக்கூடாது. அவளுக்கு மிச்சத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நானும் சங்கமும் நீங்களும்.

தோட்டக் கமிட்டிகளிடம் ஒன்று கேட்கிறேன். தகரப்பெட்டியில் பழைய கூப்பன் புத்தகம், துண்டு, பற்றுச்சீட்டு, பதிவுக் கடதாசி எது கிடந்தாலும் குப்பையில் போடாதீர்கள். அசலைத் தரவேண்டாம், போனில் ஒரு படம் எடுத்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தரம் 11 பிள்ளைகள் ஆளுக்கொரு கொப்பியோடு லயம் லயமாக வருவார்கள். அவர்களைத் திண்ணையில் உட்காரவைத்துப் பேசுங்கள்.

அந்த அக்காவின் மகளை முதலில் கடைசி லயத்துப் பாட்டியிடம் அனுப்பியிருக்கிறேன். பாட்டிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. யுத்தகாலத்தில் பிரட்டுக் களத்துக்கு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போனவர். காது கொஞ்சம் மந்தம், பக்கத்தில் போய்ச் சத்தமாகக் கேட்கவேண்டும்.