துறைமுகத்தைக் கட்டிய கைகளுக்குக் கூலி எங்கே?

மொரிசியஸ் தீவின் வரலாற்றைப் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள். 1598இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1715இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். ஆளுநர் லபூர்தொனே போர்ட் லூயிஸ் துறைமுகத்தை உருவாக்கினார். 1810இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் போய்வந்த கப்பல்கள் அங்கே நின்றன. வணிகம் பெருகியது, நாடு வளர்ந்தது. இந்தியப் பெருங்கடலின் விண்மீனும் திறவுகோலும் தானே என்று அந்த நாட்டின் அரசுச் சின்னமே சொல்கிறது.

தோழர்களே, இந்தக் கதையில் கல் சுமந்த ஓர் ஆளாவது இருக்கிறாரா?

டச்சுக்காரர்கள் வந்தபோது அது மனிதர் குடியேறாத தீவு. அப்படியானால் அங்கே மரம் வெட்டிய, சாலை போட்ட, கரும்பு நட்ட கைகள் எல்லாமே கப்பலில் கொண்டுவரப்பட்டவை. மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் மக்களைப் பிடித்து வந்தார்கள். இந்தியாவிலிருந்தும் அடிமைகள் போனார்கள். வணிகம் வணிகம் என்கிறார்களே, அதில் மனிதர்களும் சரக்கு.

1825இல் மொரிசியஸ் சர்க்கரைக்குப் பிரிட்டன் வரியைக் குறைத்தது. தீவு முழுக்கக் கரும்பு பரவியது. பத்தே ஆண்டுகளில், 1835இல், அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அப்போது இழப்பீடு யாருக்குப் போனது தெரியுமா? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு! அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களுக்கு விலை போட்டு, 20 லட்சம் பவுண்டுக்கும் மேல் பிரிட்டன் கொடுத்தது. தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்கு ஒரு காசு இல்லை, ஒரு முழ நிலம் இல்லை. 'பயிற்சியாளர்' என்று பெயரை மாற்றி, 1839 வரை அதே முதலாளியிடம் வேலை வாங்கினார்கள்.

அடுத்து நம் மக்களின் முறை. 1834 முதல் 1910 வரை சுமார் நான்கரை லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறக்கப்பட்டார்கள். கல்கத்தாவிலிருந்து மட்டுமல்ல, சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிக்கப்பட்டது. ஒப்பந்தம் முடிந்தவரும் புகைப்படம் ஒட்டிய அனுமதிச்சீட்டு இல்லாமல் நடமாட முடியாதபடி 1867இல் சட்டம் போட்டார்கள்.

கடலைத் தாண்டினால் சாதி கரைந்துவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. கப்பலில் ஒரே அண்டாச் சோற்றைத் தின்றபோது சில கட்டுகள் தளர்ந்தன, உண்மைதான். ஆனால் இறங்கியவர்களின் பதிவேட்டில் பெயரோடு சாதியையும் எழுதினான் வெள்ளைக்காரன். இன்றும் அங்கே தேர்தலில் வேட்பாளரின் சாதி கணக்கில் வருகிறது. ஆப்பிரிக்க அடிமைகளின் வாரிசுகளான கிரியோல் மக்கள் வறுமையின் அடித்தட்டில்தான் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள்.

இங்கே மட்டும் என்ன நடந்தது? இந்தியாவில் அடிமைமுறைக்குச் சட்ட ஆதரவு இல்லை என்று 1843இல் அதே ஆங்கிலேய அரசு அறிவித்தது. சேரியில் கிடந்த பண்ணையாளுக்கு அது நிலம் கொடுக்கவில்லை. நிலமற்ற விடுதலைதான் அவர்களில் பலரைக் கப்பலுக்குத் தள்ளியது. அங்கேயும் இங்கேயும் சங்கிலியை அவிழ்த்தார்கள், நிலத்தைத் தரவில்லை.

மொரிசியஸ் அரசு 2009இல் உண்மைக்கும் நீதிக்குமான ஆணையத்தை அமைத்தது. அடிமைமுறையும் ஒப்பந்தக் கூலிமுறையும் விட்டுப்போன காயங்களையும், பறிபோன நிலங்களையும் அது விசாரித்து 2011இல் அறிக்கை தந்தது. மாணவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும். சாதி அடிமைத்தனம் யாருடைய நிலத்தை யாரிடம் சேர்த்தது என்று விசாரிக்க இங்கே ஓர் ஆணையம் ஏன் இல்லை என்று கேட்க வேண்டும்.

கடல் வணிகத்தின் பெருமையை யாராவது பேசினால் கைதட்டுவதற்கு முன் கேளுங்கள்: மூட்டையை இறக்கியது யார்? அவர் பேரப்பிள்ளைகளின் பெயரில் இன்று எத்தனை சென்ட் நிலம் இருக்கிறது?