முதியோர் தீர்ப்பும் இளையோர் வாழ்வும்

மூத்தோர் சொல்லும் முதுநெல்லிக்கனியும் முன்னே கசக்கும், பின்னே இனிக்கும் என்பார்கள். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஒரு நாட்டின் எதிர்காலத்தை முடிவு செய்ய மூத்தோர் சொல் மட்டும் போதுமா? பிரிட்டனில் நடந்த நிகழ்ச்சி ஒன்று நம்மை இவ்வாறு கேட்கத் தூண்டுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என்று 2016 ஜூன் 23 அன்று அந்நாட்டு மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. 51.9 விழுக்காட்டினர் விலகவேண்டும் என்றனர். இளைஞருள் பெரும்பாலோர் நீடிக்கவும், 65 வயதைக் கடந்தவருள் பெரும்பாலோர் விலகவும் விரும்பினர் எனக் கருத்துக்கணிப்புகள் காட்டின.

இதற்காக முதியோரைப் பழிப்பது முறையன்று. தம் நாட்டுச் சட்டங்களைத் தம் பாராளுமன்றமே இயற்றவேண்டும் என்று அவர்கள் எண்ணியதில் தவறில்லை. உண்மையான குறை வேறு. முடிவின் பயனை அனுபவிக்க வேண்டியவர் பலருக்கு வாக்கே இல்லை!

2014ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து வாக்கெடுப்பில் 16, 17 வயதினர் வாக்களித்தனர். 2016இல் அவர்களுக்கு அவ்வுரிமை தரப்படவில்லை. 15 ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்த பிரிட்டன் மக்களுக்கும் அவ்வாறே. இரண்டாம் உலகப் போரில் போரிட்டு, பின் இத்தாலியில் குடியேறிய ஹாரி ஷிண்ட்லர் என்ற முதியவர் வாக்குரிமை கேட்டு நீதிமன்றங்களை நாடினார், வெற்றி கிட்டவில்லை. அந்த 15 ஆண்டு வரம்பை நீக்கிய சட்டம் 2024 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அவரோ 2023இல், தம் 101ஆம் வயதில் மறைந்துவிட்டார். ஆக, வாசலுக்கு வெளியே நின்றவர்களில் சிறுவரும் இருந்தனர், கிழவரும் இருந்தனர்.

2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் விலகியது. ஸ்பெயின், பிரான்சு போன்ற நாடுகளில் முன்பே குடியிருந்தவரை ஓர் ஒப்பந்தம் காத்தது. ஆயினும், அங்கிருந்து ஒன்றியத்தின் வேறொரு நாட்டுக்குத் தடையின்றிக் குடிபெயரும் உரிமை அவர்களுக்கு இல்லாமற் போயிற்று. 2021 முதல், விசா இன்றிச் செல்வோர் 180 நாட்களில் 90 நாட்களே அங்குத் தங்கலாம். பாட்டனார் எளிதாகப் பெற்ற வாய்ப்பு பேரனுக்கு எட்டாக்கனியாயிற்று.

தோழியரே! முதியோரின் அனுபவமும் வேண்டும், இளையோரின் கனவும் வேண்டும். விளைவைச் சுமக்கப் போகிறவரின் குரலைக் கேளாமல் எடுக்கும் முடிவு, பெரும்பான்மையோர் முடிவாகலாம், முழுமையான முடிவாகாது. வீட்டிலாயினும் நாட்டிலாயினும், முடிவெடுக்கும் முன் அனைவரையும் கேட்கும் பண்பை நாம் வளர்ப்போமாக!