சும்மா வருகிற சூடா?

பாரிஸ், பெர்லின் மாதிரி குளிர் ஊர்களில் வீட்டிலேயே சர்வர் ஓட்டுகிறவர்கள் உண்டு. ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துப் போட்ட பழைய சர்வரைச் சல்லிசாக வாங்கி, அறை மூலையில் வைத்து, 24 மணி நேரமும் ஓட விடுவார்கள். கரண்ட் பில்லைப் பற்றிக் கேட்டால் பதில் ரெடி: "அந்தச் சூடு அறைக்குத்தானே போகிறது, எதுவும் வீணாகவில்லையே!"

பாதி உண்மைதான். சர்வர் இழுக்கிற மின்சாரம் கிட்டத்தட்ட முழுக்கச் சூடாகத்தான் வெளியே வரும். 200 வாட் சர்வர் என்றால் அது 200 வாட் ஹீட்டர். ஆனால் அதற்கு நாளைக்கு 4.8 யூனிட், வருடத்துக்கு 1,752 யூனிட். ஹீட் பம்ப் வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை உள்ளே இழுத்து வருவதால், அதே வேலையைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் முடித்துவிடும். மூன்று மடங்கு செலவழித்துவிட்டு அதற்கு "இலவசம்" என்று பெயர்!

சரி, ஜூலை மாதத்தில்? அதே ஆசாமி ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டு, அதே 200 வாட்டைத் துரத்திக்கொண்டிருப்பார்.

இதை உருப்படியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். டேட்டா சென்டரைப் பிரித்து வீடுகளுக்குள் வைத்தால் அதுவே ஹீட்டராகுமே என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சிலர் 2011-ல் ஒரு கட்டுரையே எழுதினார்கள். பிரான்சில் 2010-ல் தொடங்கிய கார்னோ நிறுவனம் அறை ஹீட்டருக்குள்ளேயே ப்ராசஸர்களை வைத்தது. வங்கிக் கணக்கீடு, அனிமேஷன் ரெண்டரிங் என்று வெளியார் காசு கொடுத்துச் செய்யச் சொல்கிற வேலைகள் அதில் ஓடின. 2023-ல் இங்கிலாந்தின் எக்ஸ்மவுத்தில் வாஷிங் மெஷின் அளவுள்ள ஒரு கணினிப் பெட்டியின் சூட்டை நீச்சல் குளத்துக்குத் திருப்பினார்கள். குளத்துக்குக் கோடையிலும் சூடு வேண்டும், கவனியுங்கள்.

இங்கெல்லாம் எப்படியும் எங்காவது நடந்தே தீர வேண்டிய வேலை முதலில், சூடு பிறகுதான். வீட்டு சர்வரில் என்ன ஓடுகிறது? நாலு சினிமா, கொஞ்சம் போட்டோ. மீதி நேரமெல்லாம் சும்மா உறுமிக்கொண்டிருக்கிறது. 15 வாட் பெட்டி ஒன்று போதும் இதற்கு. "சூடு வீணாகவில்லை" என்கிற சமாதானம் இருக்கிறவரை அந்தப் பழைய சர்வரை யாரும் அணைக்கப் போவதில்லை. இதில் அதற்குச் சுற்றுச்சூழல் அக்கறை என்று ஒரு பட்டம் வேறு!

அந்தச் சின்னப் பெட்டியை வாங்கிக் கொடுத்தாலும், "இது அறையைச் சூடாக்க மாட்டேன் என்கிறதே" என்று குறை சொல்வார்களோ என்னவோ :-)