‘எலும்பு தேஞ்சு போச்சு’

பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காட்டுக்குள் சவாரி போகும் படகில் துடுப்பு போடுகிறவரின் தோளும் கழுத்தும் படும் பாடு, படகில் உட்கார்ந்து படம் எடுப்பவர்களுக்குத் தெரிவதில்லை. அதே உப்பங்கழியில் தண்ணீருக்குள் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் பிடரிக்கு இன்னும் வேலை அதிகம். இவர்களுக்குக் கழுத்து வலித்தாலும், சிதம்பரத்தில் கணினி முன் உட்காருகிறவருக்கு வலித்தாலும், ஊர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: ‘எலும்பு தேஞ்சு போச்சு.’ தேய்ந்ததை மேலும் புழங்கினால் இன்னும் தேயும், ஆகவே கழுத்தை அசைக்காதே, காலர் போட்டுக்கொள், வேலையைக் குறை என்று அடுத்தடுத்து அறிவுரை வந்துவிடுகிறது. செருப்புக்கும் டயருக்கும் இந்தக் கணக்கு சரி. தாங்கும் பாரத்துக்கேற்பத் தன்னை வலுப்படுத்திக்கொள்ளும் தசைக்கும் எலும்புக்கும் இது சரிவராது. கழுத்துவலிக்காரர்களில் பெரும்பாலோரை முடக்கிப்போடுவது தேய்மானத்தைவிட, தேய்மானம் என்ற சொல் கிளப்பும் பயம்தான் என்பேன்.

படம் எடுத்துப் பார்த்தால் தேய்மானம் தெரிகிறதே என்று கேட்பார்கள். தெரியத்தான் செய்யும். ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வில் 87.6 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பு வட்டு பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருப்பவர்களிலேயே ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு அப்படி. அத்தனை பேருக்கும் வலி இல்லை. தலைவலி என்று வந்தவரின் தலையில் நரை இருப்பதைப் பார்த்து, நரையால்தான் தலைவலி என்று முடிவுகட்டுவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் கிடையாது. ஆனால் நரை என்றால் யாரும் பயப்படுவதில்லை. ‘தேய்மானம்’ என்று காதில் விழுந்த அன்றிலிருந்து மனிதர் கூப்பிட்ட பக்கம் தலையைத் திருப்பாமல் உடம்போடு திரும்பத் தொடங்குகிறார். வேலை இல்லாத தசை இளைக்கிறது, இளைத்த தசை சின்ன வேலைக்கும் வலிக்கிறது. வலி கூடியதும், தேய்மானம் முற்றிவிட்டது என்று காலரை இன்னும் இறுக்கிக் கட்டுகிறார்.

அசைவு கெடுக்கும் என்பது உண்மையானால் பயிற்சி செய்தவர்களுக்கு வலி கூடியிருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. பின்லாந்தில் நாள்பட்ட கழுத்துவலி உள்ள 180 அலுவலகப் பெண்களை மூன்று பிரிவாக்கி ஓராண்டு கவனித்தார்கள். 2003-இல் வெளியான அந்த ஆய்வில், கழுத்துத் தசையை வலுவாக்கும் பயிற்சி செய்தவர்களில் 73 விழுக்காட்டினருக்கு வலி பெரிதும் குறைந்தது அல்லது நீங்கியது. ஒப்பீட்டுக்காக வைத்திருந்த பிரிவில் அப்படிச் சொன்னவர்கள் 21 விழுக்காடுதான். அமெரிக்காவில் 272 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், இரண்டே அமர்வுகளில் கற்றுக்கொடுத்து வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சி, மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது. கூலி வேலையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாதவர்களுக்கு இந்த ‘இரண்டு அமர்வு’ முக்கியமான சேதி.

துடுப்பு போடுவதே பயிற்சிதானே, அதற்குமேல் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. துடுப்பில் இழுப்பது கை. கழுத்துத் தசை தலையை ஒரே நிலையில் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். பாரத்தை முடிவு செய்வதும் அந்தத் தசையின் பலம் இல்லை, அன்றைய கூட்டம். பொங்கல் விடுமுறையில் சவாரிமேல் சவாரி, அடைமழையில் சும்மா. பயிற்சியில் அளவு நம் கையில் இருக்கிறது. உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தள்ளுங்கள், தலை நகராமல் எதிர்த்து நிற்கட்டும். பத்து எண்ணியதும் விடுங்கள். பிறகு பிடரியில், பிறகு இரண்டு பக்கமும். வாரம் போகப்போக பாரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

‘பிசியோதெரபியும் பார்த்தாச்சு, பத்து நாள் கரண்ட் வச்சும் கேக்கல’ என்பார்கள் சிலர். இந்தக் குறையில் பாதி சிகிச்சை தருகிறவர்களைச் சேரும். மெஷினை ஒட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போவது இயன்முறை சிகிச்சை ஆகாது. அந்தச் சுகம் வீடு போய்ச் சேரும்வரைகூட நிற்காது. சலூனில் தலையைத் திருகிச் சொடக்கு எடுக்கும் சுகமும் அப்படித்தான், ஆபத்து மட்டும் கூடுதல். 2024-இல் பெல்லாரியில் ஒருவருக்கு அப்படித் திருகியதில் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதமே வந்தது.

காலரே கூடாது என்று நான் சொல்லவில்லை. கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் புது நரம்புவலிக்குச் சில வாரங்கள் காலர் போட்டு ஓய்வெடுப்பது உதவுகிறது என்று நெதர்லாந்தில் 205 பேரிடம் நடந்த ஆய்வு 2009-இல் காட்டியது. அங்கேயும் மூன்று வாரம் போட்டு, அடுத்த மூன்று வாரத்தில் படிப்படியாகக் கழற்றச் சொன்னார்கள். கை மரத்து, பிடித்த பொருள் நழுவினாலோ, நடை தள்ளாடினாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ, விழுந்து அடிபட்ட பின் வலித்தாலோ, பயிற்சியை ஆரம்பிக்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் இயன்முறை சிகிச்சை உண்டு. மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: காலர் எழுதிக் கொடுக்கும்போது, அதைக் கழற்ற வேண்டிய தேதியையும் அதே சீட்டில் எழுதிக் கொடுங்கள்.